அச்சம் கலந்த படக்கதைகளைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுதல்: முழுமையான வழிகாட்டி

கண்கள் வரையப்படாத முகம், வீட்டைவிடப் பெரிய முயல், எவரும் இல்லாத நீண்ட தாழ்வாரம், சிரிக்கும் வாயில் தேவைக்கு மேற்பட்ட பற்கள் என்று மனத்தைச் சற்றே கலக்கும் ஓவியங்களைக் கொண்ட படக்கதை நூல்களை விரும்பி வாங்கும் பெரியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் அந்த நூலை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு குழந்தை அழுதது என்றோ மற்றவர்கள் கூச்சலிட்டார்கள் என்றோ சொல்லி அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். குறை அநேகமாக நூலில் இருப்பதில்லை. வாசிப்பதற்கு முந்தைய நாள்களில் செய்திருக்க வேண்டிய சில வேலைகள் செய்யப்படாமல் போயிருக்கும்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையிலும், காசிமேட்டிலும் எண்ணூரிலும் நண்பர்கள் நடத்தும் மாலை வகுப்புகளிலும் ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு இத்தகைய நூல்களை வாசித்துக் காட்டியதிலிருந்தும், புதிதாக வந்த தன்னார்வலர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அருகிருந்து பார்த்ததிலிருந்தும் கீழ்வரும் வரிசையை அமைத்திருக்கிறேன். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், ட்யூஷன் நடத்துபவர்கள், வீட்டில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு வாசிக்கும் பெற்றோர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் தேவையானவை

அச்சிட்ட நூல் ஒன்று, கோடில்லாத வெள்ளைத் தாள்கள், பென்சில், கறுப்பு க்ரேயான்கள், ஒரு குறிப்பேடு, பாய், நாற்பது நிமிட நேரம், உங்களைத் தவிர இன்னொரு பெரியவர். இவ்வளவும் போதும். இரண்டாவது பெரியவர் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. ஒரு குழந்தை நடுவில் எழுந்து வெளியே போக விரும்பினால் அதனுடன் செல்ல ஒருவர் வேண்டும். நீங்களே எழுந்து போனால் மீதமுள்ள குழந்தைகள் அந்தக் கலவரமான பக்கத்தோடு தனித்து விடப்படுவார்கள்.

கைப்பேசியில் படமெடுத்தோ புரொஜெக்டரில் போட்டோ காட்டுவதைத் தவிர்க்கவும். ஓவியத்தின் அளவு, தாளின் விளிம்பு, பக்கம் புரளும் கணம் ஆகிய மூன்றும் இந்த வகை நூல்களில் கதையின் பகுதிகள். திரையில் மூன்றும் போய்விடும். மேலும், பயந்த குழந்தை நூலைத் தன் கையால் மூடலாம். திரையை மூட முடியாது.

1. எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள்

நூலை வாங்கியதும் தனியாக அமர்ந்து, எழுத்துள்ள இடத்தைத் தாளால் மறைத்துக்கொண்டு, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படங்களை மட்டும் பாருங்கள். பெரியவர்களுக்கு எழுத்தைக் கண்டால் கண் அங்கேதான் போகும். வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தை நீங்கள் குரல் கொடுக்கும் நேரம் முழுவதும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது எதைப் பார்க்கப் போகிறது என்பதை நீங்கள் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

அட்டையின் உட்புறத்தையும், கதை தொடங்குமுன் வரும் வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. இடம் குறைவு என்பதால் ஓவியர்கள் கதையை அட்டையிலிருந்தே தொடங்கிவிடுவதுண்டு. முன் உள்ளட்டையில் ஒரு ஜன்னல் மூடியிருந்து பின் உள்ளட்டையில் அது திறந்திருக்குமானால், உள்ளே வந்தது வெளியே போய்விட்டதா, அல்லது இன்னொன்று வந்ததா என்ற கேள்வியைக் குழந்தைகள் நிச்சயம் கேட்பார்கள்.

2. கலக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள்

இந்தப் படி எல்லாவற்றிலும் முக்கியமானது. புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ‘படம் பயமாக இருக்கிறது’ என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்தக் கோடு, எந்த நிறம், எந்த அளவு அப்படிச் செய்கிறது என்று பக்கவாரியாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். காரணம் தெரிந்தால் அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அளவைப் பாருங்கள். பழகிய பொருள் பழகாத அளவில் இருந்தாலே மனம் கலங்கும். அடுத்து முகம்: கண் இல்லாத முகத்தைவிட, எல்லாப் பக்கங்களிலும் நம்மையே பார்க்கும் முகம் சில குழந்தைகளை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. பிறகு தாளின் விளிம்பு. ஓர் உருவத்தின் கையோ வாலோ மட்டும் உள்ளே தெரிந்து மீதி விளிம்புக்கு வெளியே போய்விட்டால், அந்த மீதியைக் குழந்தை தானே கற்பனை செய்துகொள்ளும். அந்தக் கற்பனை ஓவியர் வரையக்கூடியதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு பக்கங்களுக்கு நடுவிலுள்ள மடிப்பையும் கவனிக்க வேண்டும். நல்ல ஓவியர்கள் அந்த மடிப்பைக் கதவாகவும் சுவராகவும் பயன்படுத்துகிறார்கள்.

வெற்றிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓவியர் மோரிஸ் சென்டக் 1963-இல் வெளியிட்ட, பூதங்களின் இடத்துக்குப் போய்த் திரும்பும் சிறுவனின் கதையான ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ நூலில், தொடக்கப் படங்கள் அகன்ற வெள்ளை ஓரத்துக்குள் சிறிதாக இருக்கின்றன. சிறுவன் வீட்டை விட்டு விலக விலக படம் வளர்ந்து, வெள்ளை ஓரத்தைத் தின்று, நடுவில் மூன்று இரட்டைப் பக்கங்களில் எழுத்தே இல்லாமல் முழுத் தாளையும் பிடித்துக்கொள்கிறது. பிறகு மெல்லச் சுருங்கி, கடைசிப் பக்கத்தில் படமே இல்லாமல் போகிறது. இதை முன்னரே கவனித்தவர் அந்த மூன்று இரட்டைப் பக்கங்களில் வாயைத் திறக்க மாட்டார். கவனிக்காதவர் அமைதியைக் கண்டு பதறி, தானாக எதையாவது சொல்லி நிரப்புவார்.

கலக்கம் என்றால் இருட்டு என்று எண்ண வேண்டாம். கோண்ட் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் லண்டனைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த நூல் ஒன்றைச் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் 2004-இல் வெளியிட்டது. அதில் சுரங்க ரயில் மண்புழுவாகவும், கடிகாரக் கோபுரம் சேவலோடு ஒன்றாகவும் வருகின்றன. நிறங்கள் பளிச்சென்று இருந்தும், ‘இது என்ன பொருள்’ என்ற திகைப்பு குழந்தைகளுக்கு ஏற்படத்தான் செய்கிறது. அதுவும் இந்த வகையில் சேர்ந்ததே.

காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நாம் நினைத்திருக்கும்போது குழந்தை வேறொன்றைக் காட்டித் திருத்துவதும் உண்டு. காசிமேட்டில் ஒரு நாள், படுக்கையில் மனிதனைப் போலப் படுத்திருக்கும் பெரிய மீன் ஒன்றின் படத்தைக் காட்டினேன். மீனின் அளவுதான் கலக்கம் தருகிறது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முட்டிபோட்டு முன்னால் வந்து, விரலைத் தாளில் படாமல் மீனின் கண்ணுக்கு நேரே நீட்டி, “அக்கா, மீனு கண்ண மூடாதுக்கா. இது மூடிக்கினு கீது” என்றாள். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. ஓவியர் மீனுக்கு இமை வரைந்து, அதைப் பாதி மூடியும் வைத்திருந்தார். ஏலக்கூடத்தில் தினமும் மீனைப் பார்க்கும் குழந்தைக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அன்று முதல் என் குறிப்புகளைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

3. உங்கள் முன் அமரப்போகும் குழந்தைகள் எதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டுமானம் நடக்கும் ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை தொங்குகிறது. மாசி மாதத்தில் மயானக் கொள்ளைக்கு வேடமிட்டவர்கள் தெருவில் வருவதைக் குழந்தைகள் தோளில் அமர்ந்து பார்த்திருக்கிறார்கள். கோயில் தூண்களில் யாளி வாயைப் பிளந்து நிற்கிறது. ஆகவே கோரமான முகம் வடசென்னைக் குழந்தைக்குப் புதிதில்லை. ‘நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று சொல்பவர்கள் தங்கள் தெருவையே ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம்.

மரணமும் இங்கே கதவுக்குப் பின்னால் நடப்பதில்லை. மேளமும் பூவும் வெடியுமாக இறுதி ஊர்வலம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. இரவெல்லாம் மரண கானா பாடப்படுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள். ஜெர்மன் ஓவியர் வோல்ஃப் எர்ல்புருக் 2007-இல் வெளியிட்ட படக்கதையில், மண்டையோட்டு முகமும் கட்டம் போட்ட நீண்ட அங்கியுமாக மரணம் ஒரு வாத்தின் பின்னால் வந்து நிற்கிறது. இருவரும் நட்பாகிறார்கள். இறுதியில் வாத்து இறந்துபோக, மரணம் அதை ஆற்றில் மிதக்கவிட்டு, மேலே ஒரு டூலிப் பூவை வைக்கிறது. இதை வாசித்தபோது பெரியவர்கள்தான் நெளிந்தார்கள். குழந்தைகள் பூவைப் பற்றி மிக இயல்பாகப் பேசினார்கள்: ஒரு பூ போதுமா, மாலை ஏன் போடவில்லை, தண்ணீரில் விடுவது சரியா என்று.

ஆனால் நாம் சாதாரணம் என்று நினைக்கும் ஒரு படம் ஒரு குறிப்பிட்ட தெருக் குழந்தைக்குத் தாங்க முடியாததாக இருக்கக்கூடும். இதை நான் தவறு செய்துதான் கற்றேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்பாகப் படிந்தது. அடுத்த மாதமே, அதைப் பற்றிச் சிறிதும் யோசிக்காமல், கறுப்பு நீர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படி உயர்ந்துகொண்டே வரும் ஒரு கதையை எண்ணூர்ப் பக்கத்துக் குழந்தைகளிடம் கொண்டுபோனேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு சிறுவன் தன் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் வந்தால் முதலில் செருப்புதான் மிதந்து போகும் என்று பிறகு அவன் அம்மா சொன்னார்கள். அந்த நூலை அங்கே நான் வாசித்திருக்கக் கூடாது. குறைந்தது அந்த மாதத்திலாவது.

ஆகவே நூலைத் தேர்ந்தெடுத்த பிறகு மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அண்மையில் இந்தத் தெருவில் என்ன நடந்தது? இந்தக் குழுவில் எவர் வீட்டிலாவது கடந்த ஆண்டுக்குள் சாவு நேர்ந்ததா? கடலுக்குப் போனவர் யாராவது திரும்பாமல் இருக்கிறாரா? இவற்றில் ஏதேனும் ஒன்று நூலின் முக்கியமான படத்தைத் தொட்டால் அந்த நூலை ஒத்திவையுங்கள். கலக்கமூட்டும் படம் குழந்தைக்குப் பயன்படுவது, அது தாள் அளவிலேயே நிற்கும்போதுதான்.

வயதையும் கருத வேண்டும். நான்கைந்து வயதுக் குழந்தைகள் தோற்றத்தைக் கண்டு அஞ்சுவார்கள். பூதம் நல்லது செய்தாலும் பல் பெரிதாக இருந்தால் அவர்களுக்கு அது கெட்டதுதான். எட்டு, ஒன்பது வயதில் உருவம் பொருட்டாக இருக்காது. உண்மையில் நடக்கக்கூடியது எது என்பதே அவர்களை உறுத்தும். ஐந்து வயதையும் ஒன்பது வயதையும் ஒரே பாயில் அமர்த்தினால் பெரிய பிள்ளைகள் சிரிப்பார்கள், சிறியவர்கள் அழுவார்கள். பிரித்துவிடுங்கள்.

4. பெற்றோரிடம் நூலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்

இரண்டு நாள்களுக்கு முன்பே நூலைப் பெற்றோர் கையில் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் தேவையில்லை. ‘இதைப் பிள்ளைகளுக்கு வாசிக்கப்போகிறேன், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்’ என்பது போதும். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் கிடைக்கும். வாசிப்பு முடிந்த பிறகு ‘ராத்திரியெல்லாம் புள்ள தூங்கல’ என்று ஒரு தாய் வந்து நிற்பதைத் தவிர்ப்பதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

5. தமிழ் வாசகத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

இத்தகைய நூல்களில் பல ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. பார்த்துக்கொண்டே மனத்துக்குள் மொழிபெயர்த்துச் சொல்வது பெரிய தவறு. அப்படிச் சொல்லும்போது வாக்கியம் நீண்டுவிடும், இடையில் ‘அதாவது’ நுழையும், படத்தை விளக்கும் சொற்கள் தாமாகவே வந்து சேரும். ஒவ்வொரு பக்கத்துக்குமான தமிழ் வரியை முன்னரே எழுதி, வாய்விட்டுப் படித்து, சுருக்கி, சிறு தாளில் எடுத்து அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வினைச்சொல் வந்தது ஆணா, பெண்ணா, விலங்கா என்று காட்டாது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று வினையின் விகுதியே அந்த உருவம் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கதவருகே வந்தது’ என்றால் குழந்தைக்கு விலங்கோ பூதமோ வந்தாயிற்று. ‘வந்தார்’ என்றால் விருந்தாளி வந்தாயிற்று. ஓவியர் பத்துப் பக்கங்களுக்கு மறைத்து வைத்திருப்பதை ஒரு விகுதியால் போட்டு உடைத்துவிட வேண்டாம். ‘கதவருகே யாரோ’ என்று வினையில்லாமல் நிறுத்தலாம். ‘கதவருகே ஒரு சத்தம்’ என்று மாற்றலாம்.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். நூல் சொல்லாதவரை பேய், பூதம், பிசாசு என்ற சொற்களை நீங்கள் சொல்லாதீர்கள். பெயர் கிடைத்தவுடன் குழந்தைகள் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சினிமாவில் பார்த்த பேயை நினைக்கத் தொடங்குவார்கள். எர்ல்புருக்கின் வாத்துக் கதையில் ‘எமன்’ என்று ஒரு தன்னார்வலர் எழுதி வந்தார். எருமையும் பாசக்கயிறும் எங்கே என்று குழந்தைகள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த முறை ‘சாவு’ என்று மாற்றினோம். அவர்கள் தெருவில் புழங்கும் சொல் அது. உடனே பொருந்திவிட்டது.

6. இடத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யுங்கள்

பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். ஐந்தடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்குப் படத்தின் மூலையில் உள்ள சிறு உருவம் தெரியாது. தெரியாதவர்கள் தள்ளிக்கொண்டு முன்னால் வருவார்கள். தள்ளுமுள்ளில் கலக்கம் கூச்சலாகிவிடும். அரைவட்டமாக அமர்த்துங்கள்.

வழுவழுப்பான தாளில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசும். விளக்கு உங்கள் தலைக்கு நேர் மேலே இல்லாதபடி நகர்ந்து அமர்ந்து, நூலை மேல்விளிம்பு சற்று முன்னால் சாயும்படி பிடியுங்கள். ஒரு குழந்தையை உங்கள் இடத்தில் அமர்த்தி, நீங்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அறையை இருட்டாக்க வேண்டாம். இருட்டில் குழந்தை அஞ்சுவது இருட்டைத்தான், படத்தை அல்ல.

மாலை ஐந்து மணியளவில் வெளிச்சம் நன்றாக இருக்கும். வெளியே தெரு உயிரோடு இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகளும், கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில்களும் கடக்கும்போது நிறுத்திவிட்டு, சத்தம் போன பிறகு தொடருங்கள். சத்தத்தை மீறிக் கத்தி வாசிக்காதீர்கள்.

7. அட்டையிலேயே விதியைச் சொல்லிவிடுங்கள்

நூலைத் திறப்பதற்கு முன் அட்டையைக் காட்டி, ‘இந்தப் புத்தகத்துல கொஞ்சம் வித்தியாசமான படங்க இருக்கு. பாக்க வேணாம்னு தோணிச்சுன்னா கண்ண மூடிக்கலாம், திரும்பிக்கலாம், அக்காகூட வெளிய போகலாம், மறுபடியும் வரலாம்’ என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வழி திறந்திருப்பது தெரிந்த குழந்தை பெரும்பாலும் எழுவதே இல்லை. வழி அடைபட்டதாக நினைக்கும் குழந்தைதான் அழுகிறது.

‘பயப்படாதீங்க’ என்று சொல்லித் தொடங்கவே கூடாது. பயப்பட ஏதோ இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே அறிவித்ததாகிவிடும்.

8. வாசிக்கும்போது

நூலைக் கீழ்விளிம்பின் நடுவில் ஒரு கையால் பிடித்து, உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் வையுங்கள். மறு கையால் மேல்மூலையைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டுங்கள். கீழ்மூலையைப் பிடித்தால் உங்கள் முழங்கை படத்தை மறைத்துவிடும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் புதியவர்களின் வாசிப்புகளில் பாதி இதனால்தான் கெடுகிறது.

பக்கத்தைப் புரட்டியதும் உடனே படிக்காதீர்கள். முதலில் படம், பிறகு சொல். மனத்துக்குள் எட்டு வரை எண்ணுங்கள். அந்த எட்டு நொடிகள் உங்களுக்கு மிக நீளமாக இருக்கும். குழந்தைகளின் கண்கள் தாளின் மேல் நகர்வதைப் பாருங்கள். கண்கள் நகர்ந்துகொண்டிருக்கும்வரை அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கண்கள் உங்கள் பக்கம் திரும்பியதும் வரியைப் படியுங்கள்.

குரலைச் சாதாரணமாக வைத்திருங்கள். பயங்கரக் குரல், கிசுகிசுப்பு, திடீர்க் கத்தல் எதுவும் வேண்டாம். ஓவியர் படத்தில் கலக்கத்தையும் எழுத்தில் அமைதியையும் வைத்து, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கியிருப்பார். அமைதியான வரியை நீங்கள் பேய்க் குரலில் படித்தால் அந்த இடைவெளி மூடிவிடும். வரி ‘எல்லோரும் நலமாக இருந்தார்கள்’ என்று சொல்லி, படத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தால், நீங்கள் அந்த நாற்காலியைச் சுட்டிக்காட்டவும் கூடாது. யாராவது ஒரு குழந்தை அதைக் கண்டுபிடிக்கும். அது கண்டுபிடித்ததைச் சொல்லும்போது மற்ற பதினொரு பேரும் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். தயங்காமல் திருப்புங்கள். முன்னும் பின்னும் போவது இந்த நூல்களில் இடையூறாகாது.

‘அக்கா, அதுக்கு ஏன் கண்ணு இல்ல?’ என்று கேட்டால் விடை சொல்ல அவசரப்படாதீர்கள். உங்களுக்கும் விடை தெரியாது; ஓவியர் சொல்லவில்லை. ‘ஆமா, இல்லல்ல’ என்று ஒப்புக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். பெரியவர் ஒருவரும் தன்னைப் போலவே அந்த முகத்தைப் பார்த்து யோசிக்கிறார் என்பது குழந்தைக்கு எந்த விளக்கத்தைவிடவும் தைரியம் தருகிறது. ‘அவன் கெட்டவன், அதனால கடவுள் கண்ணை எடுத்துட்டாரு’ என்று ஒரு தன்னார்வலர் சொல்லிவிட்டார். குழுவில் கண்ணாடி அணிந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். அதன் பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். குறைபாடுகளை நீதியோடு முடிச்சுப் போடும் இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

9. ஒரு குழந்தை அஞ்சினால்

சிரிப்பும் கூச்சலும் அச்சத்தின் அடையாளங்களாகவே பெரும்பாலும் இருக்கும். அவற்றைக் கண்டிக்க வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அமைதியாகிப்போன குழந்தையை. உடல் விறைத்திருந்தாலோ, பக்கம் மாறிய பிறகும் பார்வை மாறாமல் இருந்தாலோ, அருகிலிருப்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாலோ, நூலை மெதுவாகத் தாழ்த்தி மடியில் வைத்துவிட்டு இரண்டாவது பெரியவரைப் பாருங்கள். அவர் அந்தக் குழந்தையின் பக்கத்தில் வந்து அமர்ந்தால் பெரும்பாலும் போதும்.

‘இதெல்லாம் சும்மா படம்’ என்று சொல்லாதீர்கள். சும்மா படமென்றால் இவ்வளவு நேரம் ஏன் பார்த்தோம் என்று குழந்தைக்குத் தோன்றும். மற்றவர்கள் கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. நடுவில் மூடிய நூலில் அந்த உருவம் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இரவில் தொந்தரவு செய்வது அதுதான். வெளியே போன குழந்தைக்குக் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது தனியாகக் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.

10. கேள்விகளைக் குறையுங்கள்

முடிந்ததும் ‘இந்தக் கதையிலிருந்து என்ன கத்துக்கிட்டீங்க’ என்று கேட்டால் குழந்தைகள் பள்ளிக்கூட விடையைத் தருவார்கள். ‘மொதல்ல கண்ணு எங்க போச்சு?’, ‘எந்தப் பக்கம் மறுபடியும் பாக்கணும்?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டுக்கும் விடை சொல்ல நூலைத் தொட்டாக வேண்டும். தொடட்டும்.

11. வரையச் சொல்லுங்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு

‘பயங்கரமா ஏதாவது வரைங்க’ என்றால் எல்லோரும் கொம்பும் இரத்தமும் வரைவார்கள். அதற்குப் பதில், நன்றாகத் தெரிந்த ஒருவரை வரைந்து, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சென்டக் தன் பூதங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களின் முகங்களை நினைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அறிந்த முகத்தில் ஏற்படும் ஒரு மாற்றம் அறியாத பூதத்தைவிட ஆழமாகச் செல்கிறது என்பதை இந்தப் பயிற்சியில் நேரில் பார்க்கலாம்.

காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்மணியின் பேரன் தன் ஆயாவை வரைந்தான். உடல் சிறிது, முகத்தில் வழக்கமான சிரிப்பு, வலது கை மட்டும் கதவைவிடப் பெரிது. விரல்களுக்கு நடுவே செதில்களை ஒவ்வொன்றாகக் கறுப்பு க்ரேயானால் அழுத்தி வைத்திருந்தான். சில இடங்களில் தாள் கிழிந்தே போயிருந்தது. “இவ்ளோ பெருசாக்கா கை?” என்று பக்கத்துச் சிறுமி கேட்டாள். “நீ எங்க ஆயாவ பாத்ததில்ல” என்றான்.

படத்தைத் திருத்தாதீர்கள், அழகாக இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். கேட்காமல் சுவரில் ஒட்டாதீர்கள். சில படங்கள் வரைந்தவர்களின் பைக்குள் போய்விட வேண்டியவை.

12. அடுத்த வாரமும் அதே நூல்

புதிய நூலை அடுத்த வாரமே எடுத்து வருவது ஆர்வக்கோளாறு. முதல் வாசிப்பில் குழந்தைகள் கதை எங்கே போகிறது என்ற பதற்றத்தில் இருப்பார்கள். இரண்டாவது வாசிப்பில்தான் படத்தின் மூலைகளைப் பார்க்கத் தொடங்குவார்கள். முதல் வாரம் வெளியே போன குழந்தை இரண்டாவது வாரம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே ‘இப்போ வரும் பாரு’ என்று மற்றவர்களுக்குச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் நூலை அவர்களிடமே கொடுத்து, பக்கம் புரட்டும் வேலையையும் விட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் ஒரு பக்கத்தில் நிற்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். தாள் கசங்கும், முதுகு பிரியும், செலோடேப் வாங்கி வையுங்கள். சில வாரங்கள் கழித்து நூலை மூடிய நிலையில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: ஏதோ ஓர் இடத்தில் மட்டும் தாளின் ஓரம் மற்றவற்றைவிட அழுக்காகியிருக்கும். அந்த இடத்தைத் திறந்து எந்தப் பக்கம் என்று பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நூலை வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தக் குறிப்பைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.